நார்மன் ஆஸ்பர்ன் சாவானா? ரசிகர் யூகங்களைப் படிக்கும் விதம்

நோன்பு, படைப்பு என்று சொந்தம் கூடும் நாட்களில் செட்டிநாட்டு வீடுகளில் இப்போது டிவி முன்னால் ஒரு சிறு கூட்டம் உட்கார்ந்துவிடுகிறது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஸ்பைடர்மேன் கேம் ஆடுவார்கள். காரைக்குடிப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவார்கள். அந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழுவது இது: "சித்தப்பா, அடுத்த பார்ட்ல நார்மன் ஆஸ்பர்ன் செத்துருவானாம். கன்ஃபார்ம் ஆயிருச்சு."

நார்மன் ஆஸ்பர்ன் ஸ்பைடர்மேன் கதையின் பெரிய வில்லன். எங்கே உறுதியானது என்று கேட்டால் யாரோ ஒருவரின் காணொளியைக் காட்டுவார்கள். அதில் இருப்பது ஒரு ரசிகரின் யூகம். நல்ல யூகமாகவே இருக்கலாம். ஆனால் யூகத்தைச் செய்தியாக எடுத்துக்கொண்டால் இரண்டு நஷ்டம். அது நடக்காதபோது ஏமாற்றம் வருகிறது. அந்த யூகத்துக்குள் யாரோ உட்கார்ந்து யோசித்த அழகான யோசனையும் கண்ணில் படாமலே போய்விடுகிறது. இரண்டாவது நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வில்லனின் முடிவைப் பற்றிய யூகங்கள் எப்படி உருவாகின்றன, எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். ஒரு எச்சரிக்கை: 'ஆர்க்கம் சிட்டி', 'ஆர்க்கம் நைட்' என்ற பேட்மேன் கேம்கள், 'ஸ்பைடர்மேன் 2' ஆகியவற்றின் முடிவுகளை வெளிப்படையாகப் பேசப்போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் ஆடிவிட்டு வாருங்கள்.

## செய்தி வேறு, கசிவு வேறு, யூகம் வேறு

கேமை உருவாக்கும் நிறுவனம் தானே வெளியில் சொல்வது செய்தி. உள்ளே இருக்கும் பொருள் அனுமதியில்லாமல் வெளியே வந்துவிட்டால் அது கசிவு. கசிவு உண்மையாகவே இருந்தாலும் அது பாதி வெந்த நிலையில் வந்தது. பெரிய கேம் ஒன்றை உருவாக்கப் பல வருடங்கள் ஆகும், அதற்குள் கதை மாறும், காட்சிகள் வெட்டப்படும். மூலம் எதுவென்றே தெரியாமல் வாய்வழியாகப் பரவுவது வதந்தி.

யூகம் இவை எதிலும் சேராது. அதில் ரகசியம் என்று எதுவும் கிடையாது. நீங்களும் நானும் பார்த்த அதே காட்சிகளை வைத்து, "இப்படி இருந்தால் அடுத்து அப்படித்தானே வரவேண்டும்?" என்று ஒருவர் காரணம் காட்டிச் சொல்வதுதான் ரசிகர் யூகம். ஃபேன் தியரி என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். சொன்னவர் யார், அவரைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் என்பது இங்கே பொருட்டே இல்லை. அவர் காட்டும் காரணம் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அதனால் "கன்ஃபார்ம்" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இந்த நான்கில் இது எது என்பதைத்தான். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் குழப்பம் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

## முகப்பிலிருந்து பார்க்கும் வீடு

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நிற்கிறீர்கள். உள்ளே போக அனுமதி இல்லை, வாசல் மட்டும் திறந்திருக்கிறது. வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் நடுமுற்றமான வளவும், இரண்டாங்கட்டும், அதற்குப் பின்னால் பின்வாசல் வெளிச்சமும் தெரிகின்றன. அறைகள் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர் நிறையச் சொல்லிவிடுவார். வளவைச் சுற்றிக் கல்யாணமான மகன்களுக்கான அறைகள் இருக்கும், பின்கட்டில் அடுப்படி இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் போய்த் திறக்கும்.

இதையெல்லாம் அவர் எப்படிச் சொன்னார்? கண்ணுக்குத் தெரிந்த கொஞ்சத்தையும், இப்படிப்பட்ட வீடுகளை எந்தத் திட்டத்தில் கட்டுவார்கள் என்ற பழக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். யூகமும் இப்படித்தான் வேலை செய்கிறது. டிரெய்லரும் முந்தைய கேம்களும் கண்ணுக்குத் தெரியும் பகுதி. அறுபது, எண்பது வருடமாக வந்துகொண்டிருக்கும் காமிக்ஸ் கதைகள் அந்தப் பழக்கமான திட்டம்.

அவரால் சொல்ல முடியாததும் ஒன்று உண்டு. பூட்டிய அறைக்குள் பெட்டகம் இருக்கிறதா, எல்லாவற்றையும் விற்று அறை காலியாகிவிட்டதா என்பது முகப்பிலிருந்து தெரியாது. கட்டியவர் தன் வசதிக்குத் திட்டத்தை எங்கே மாற்றினார் என்பதும் தெரியாது. வில்லனின் முடிவு அந்தப் பூட்டிய அறைக்குள் இருக்கிற விஷயம்.

## யூகத்தின் மூலப்பொருள்

ஒரு கதையுலகில் "இது உண்மையில் நடந்தது" என்று படைப்பாளிகள் ஏற்றுக்கொண்ட நிகழ்வுகளின் தொகுப்புக்குக் கேனன் என்று பெயர். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்பைடர்மேனுக்கு ஒரே ஒரு கேனன் இல்லை. காமிக்ஸுக்கு ஒன்று, சினிமாவுக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று. காமிக்ஸில் வெனம் என்ற வில்லனாக மாறுபவன் எடி பிராக். இன்சோம்னியாக் நிறுவனம் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'ஸ்பைடர்மேன் 2' கேமில் வெனமாக மாறுவது ஸ்பைடர்மேனான பீட்டரின் உயிர்த்தோழன், நார்மனின் மகன் ஹாரி ஆஸ்பர்ன். ஆக, "காமிக்ஸில் இப்படி நடந்தது, கேமிலும் அப்படியே நடக்கும்" என்ற வாதம் பாதிதான் நிற்கும். காமிக்ஸ் திட்டத்தைக் காட்டும், முடிவைக் காட்டாது.

அடுத்தது முன்குறிப்பு. பின்னால் வரப்போவதற்காகக் கதாசிரியர் முன்கூட்டியே போட்டுவைக்கும் சிறு விதை அது. ஒரு வசனமாக இருக்கலாம், சுவரில் ஒரு படமாக இருக்கலாம், வில்லன் செய்து முடிக்காமல் விட்ட ஒரு காரியமாகவும் இருக்கலாம். யூகத்தின் முழுத் திறமையும் எது முன்குறிப்பு, எது வெறும் அலங்காரம் என்று பிரிப்பதில் இருக்கிறது. அலங்காரத்தை விதை என்று நினைத்து அதன்மேல் ஒரு மணி நேரக் காணொளி கட்டியவர்கள் பலர்.

கேனன் எது என்று தெரியாமல் யூகிப்பவர், எந்த வீட்டின் முன்னால் நிற்கிறோம் என்றே தெரியாமல் அறைகளை எண்ணுகிறார்.

## வில்லனின் முடிவுக்கு மட்டும் தனி விதி

நாயகனின் முடிவை யாரும் பெரிதாக யூகிப்பதில்லை. அவன் பிழைப்பான், அடுத்த பாகம் வேண்டுமே. வில்லனின் நிலை அப்படி இல்லை. அவன் சாகலாம், சிறைக்குப் போகலாம், திருந்தலாம், காணாமல் போகலாம். அதனால்தான் யூகங்கள் அவன் மேலேயே குவிகின்றன.

இதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. பேட்மேனும் ஸ்பைடர்மேனும் கொல்ல மாட்டார்கள் என்பது அந்தப் பாத்திரங்களின் அடிப்படை. அப்படியானால் வில்லன் சாக வேண்டும் என்று முடிவெடுக்கும் கதாசிரியருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பாதைதான் எஞ்சுகிறது: அவன் தன் செயலாலேயே சாக வேண்டும். 1973ல் காமிக்ஸில் கிரீன் காப்ளினாக இருந்த நார்மன் ஆஸ்பர்ன் செத்தது அப்படித்தான். ஸ்பைடர்மேனை முதுகில் குத்துவதற்காகத் தன் பறக்கும் வாகனமான கிளைடரை அவனே ஏவினான். ஸ்பைடர்மேன் விலகிக்கொண்டான், கிளைடர் அதை ஏவியவன் மேலேயே பாய்ந்தது.

இரண்டாவது கட்டுப்பாடு வியாபாரம். புகழ்பெற்ற வில்லன் ஒரு சொத்து. நிரந்தரமாகச் சாகடிக்க மனசு வராது. 1973ல் செத்த நார்மன் உண்மையில் சாகவில்லை, அத்தனை வருடம் மறைந்திருந்தான் என்று 1996ல் காமிக்ஸ் சொன்னது. ஏற்கெனவே சொல்லி முடித்த கதையைப் பின்னால் வந்து இப்படித் திருத்துவதற்கு ரெட்கான் என்று பெயர். ஒரு தலைமுறை வாசகர்கள் நார்மன் செத்துவிட்டான் என்று நம்பியே வளர்ந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது கட்டுப்பாடு கேமுக்கு மட்டும் உரியது. சினிமாவில் முடிவை நாம் பார்க்கிறோம், கேமில் முடிவை நம் கைதான் செய்கிறது. ஆகவே வில்லனின் கடைசிக் காட்சி, ஆடுபவர் பட்டனை அழுத்திச் செய்யக்கூடிய ஒன்றாக இருந்தாக வேண்டும். இந்த மூன்றாவதைப் பல யூகங்கள் மறந்துவிடுகின்றன. கேட்கும்போது கதையாக நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஆடுவதற்கு எதுவும் இருக்காது.

சுருக்கமாக, நாயகன் கொல்ல மாட்டான், உரிமையாளர் வில்லனை இழக்க விரும்ப மாட்டார், ஆடுபவர் கைக்கும் வேலை வேண்டும். வில்லன் சாகிறான் என்று சொல்லும் எந்த யூகமும் இந்த மூன்றையும் தாண்டி வர வேண்டும்.

## ஜோக்கரின் பிணமும் ஜோக்கரின் ரத்தமும்

இனி நடந்து முடிந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். விடை தெரிந்த பிறகு யூகங்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல் நல்ல பாடம் வேறில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராக்ஸ்டெடி நிறுவனத்தின் 'ஆர்க்கம் சிட்டி' 2011ல் வந்தது. முந்தைய கேமில் டைட்டன் என்ற மருந்தைத் தனக்குத் தானே செலுத்திக்கொண்ட, பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர், இதில் அந்த நஞ்சால் செத்துக்கொண்டிருக்கிறான். தன் ரத்தத்தைப் பேட்மேனுக்கு ஏற்றுகிறான். காத்தம் நகர மருத்துவமனைகளுக்கும் அனுப்பிவைக்கிறான். கடைசியில் மாற்று மருந்து பேட்மேன் கைக்கு வருகிறது. பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்ன செய்வது என்று பேட்மேன் யோசிக்கும்போது ஜோக்கர் பாய்ந்து கத்தியால் குத்துகிறான், குப்பி கீழே விழுந்து உடைகிறது. இத்தனைக்குப் பிறகும் உன்னைக் காப்பாற்றியிருப்பேன் என்று பேட்மேன் சொல்ல, அதைக் கேட்டுச் சிரித்தபடியே ஜோக்கர் சாகிறான். மேலே சொன்ன முதல் கட்டுப்பாடு இங்கே எவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள். ஜோக்கரைக் கொன்றது ஜோக்கரின் கத்திதான்.

அடுத்த பாகமான 'ஆர்க்கம் நைட்' 2014ல் அறிவிக்கப்பட்டது. ஜோக்கர் உயிரோடு இருக்கிறானா என்ற யூகங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. அவற்றுக்குக் காரணமும் இருந்தது. 'ஆர்க்கம் சிட்டி'யில் உருமாறும் வில்லன் கிளேஃபேஸ் ஜோக்கராக நடித்து ஏமாற்றியிருந்தான். செத்தவரைப் பிழைக்க வைக்கும் லாசரஸ் குளமும் அதே கேமில் வந்தது. ஆகவே செத்தது வேறு ஆள் என்று ஒரு கூட்டமும், குளத்தில் முக்கி எடுத்துவிடுவார்கள் என்று இன்னொரு கூட்டமும் வாதாடின. ஜோக்கர் செத்துவிட்டான் என்றே தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள்.

2015 ஜூனில் கேம் வந்தது. தொடக்கக் காட்சியே ஜோக்கரின் பிணத்தை எரிப்பதுதான். எரியூட்டும் பட்டனை அழுத்துவது ஆடுபவரின் கை. ஆள் மாறாட்டம், குளம் என்ற யூகங்களுக்கெல்லாம் முதல் நிமிடத்திலேயே அங்கேயே தீ வைத்துவிட்டார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. ஸ்கேர்க்ரோ என்ற வில்லன் பரப்பும் அச்ச வாயுவைப் பேட்மேன் சுவாசித்த பிறகு, பேட்மேனின் உடம்பில் ஏற்கெனவே ஏறியிருந்த ஜோக்கரின் ரத்தம் வேலை செய்யத் தொடங்குகிறது. பேட்மேன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தோற்றமாக ஜோக்கர் கேம் முழுக்கக் கூடவே வருகிறான், பேசுகிறான், கேலி செய்கிறான். மருத்துவமனைகளில் அந்த ரத்தம் ஏற்றப்பட்ட சிலரும் ஜோக்கரைப்போல் மாறிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் பேட்மேன் தன் மனதுக்குள்ளேயே அவனை வென்று பூட்டிவிடுகிறான். எல்லோரும் தன்னை மறந்துவிடுவார்கள் என்பதுதான் ஜோக்கரின் பெரிய பயம் என்பது அங்கே தெரிகிறது. அதுதான் அவனுடைய உண்மையான முடிவு.

ரசிகர்கள் தவறவிட்டது எதை? பெரும்பாலானவர்கள் பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவன்தானா, மூச்சு இருக்கிறதா என்று. விதை கிடந்தது ரத்தத்தில். ஜோக்கரின் ரத்தம் மருத்துவமனைகளுக்குப் போன கதையை 'ஆர்க்கம் சிட்டி' எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருந்தது. பேட்மேன் மாற்று மருந்தைக் குடித்ததும் அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டோம். நல்ல கதாசிரியர் விதையை மறைத்து வைப்பதில்லை. நம் கண்ணெதிரே வைத்து, அந்த வேலை முடிந்துவிட்டது என்று நம்மை நம்ப வைக்கிறார். யூகம் செய்ய விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பயிற்சி இதுதான்: முந்தைய கேமில் "முடிந்துவிட்டது" என்று நீங்கள் ஒதுக்கிய விஷயங்களை மறுபடியும் எடுத்துப் பாருங்கள்.

## நிறுவனம் சொன்னால் அதுவே முடிவா?

அதே கேமில் எதிர்த்திசையில் நடந்த இன்னொரு வழக்கும் உண்டு. ஆர்க்கம் நைட் என்ற முகமூடி வில்லன் யார்? இதுவரை வராத புத்தம்புதிய பாத்திரம் என்று வெளியீட்டுக்கு முன் நிறுவனம் சொன்னது. ரசிகர்களில் பலர் ஏற்கவில்லை, அது பேட்மேனின் துணைவன் ராபினாக முன்பு இருந்த ஜேசன் டாட்தான் என்றார்கள். கேமில் முகமூடி கழன்றபோது உள்ளே இருந்தது ஜேசன் டாட்.

அவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? காமிக்ஸ் வரலாற்றை வைத்து. 1988ல் ஜேசன் வாழ வேண்டுமா சாக வேண்டுமா என்று பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் வாசகர்களிடம் தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தியது. சாக வேண்டும் என்று 5,343 வாக்குகள், வாழ வேண்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஜோக்கர் கையால் அந்தப் பையன் செத்தான். 2005ல் காமிக்ஸ் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தது, பேட்மேன் மேல் கோபத்தோடு. பேட்மேனின் சண்டை முறை அத்தனையும் தெரிந்த, பேட்மேனை வெறுக்கிற முகமூடி ஆள் ஒருவன் வருகிறான் என்றால் திட்டம் தெரிந்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றியிருக்காது.

இதை வைத்து நிறுவனம் பொய் சொன்னது என்று நான் சண்டைக்குப் போக மாட்டேன். அந்தப் பெயரும் வேடமும் புதியவைதான், உள்ளே இருந்த ஆள் மட்டும் பழையவன். ஆச்சரியத்தைக் காப்பாற்றுவது அவர்கள் தொழில். ஆனால் வெளியீட்டுக்கு முந்தைய பேச்சைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும் என்பது தெரிகிறது. "செத்துவிட்டான்" என்றால் திரையில் வரவே மாட்டான் என்று அர்த்தம் இல்லை. "புதிய பாத்திரம்" என்றால் புதிய மனிதன் என்றும் அர்த்தம் இல்லை.

## இனி நார்மனுக்கு வருவோம்

'ஸ்பைடர்மேன் 2' முடியும்போது கேமின் கேனனில் நமக்கு உறுதியாகத் தெரிந்தவை இவை. ஹாரியை வெனமாக மாற்றிய அந்நிய உயிர் அவனிடமிருந்து பிரிக்கப்படுகிறது, அவன் நினைவில்லாமல் கிடக்கிறான். அப்பா நார்மன், பீட்டர், மைல்ஸ் என்ற இரண்டு ஸ்பைடர்மேன்கள் மேலும் பழியைப் போடுகிறான். ஜி-சீரம் என்ற மருந்தைத் தயார் செய்யச் சொல்லித் தொலைபேசியில் உத்தரவிடுகிறான். பிறகு சிறையில் இருக்கும் முதல் கேமின் வில்லன் ஆட்டோ ஆக்டேவியஸிடம் போய் ஸ்பைடர்மேன்கள் யார் என்று கேட்கிறான். ஆட்டோ எழுதிக்கொண்டிருக்கிறான். கடைசி அத்தியாயம் என்கிறான்.

இதற்கு மேல் எதுவும் செய்தி இல்லை. நார்மன் காப்ளின் ஆவான் என்பதுகூட யூகம்தான், மிக வலுவான யூகம். சீரம் என்ற விதையைக் கேமே போட்டிருக்கிறது, காமிக்ஸ் திட்டமும் அதையே காட்டுகிறது. இரண்டு பக்கமும் பொருந்துவதால் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

"நார்மன் சாவான்" என்பது அதைவிட ஒரு படி பலவீனமானது. அதற்கு ஆதாரம் முழுக்க 1973 காமிக்ஸ்தான், கேமுக்குள் விதை எதையும் நான் காணவில்லை. "கடைசி அத்தியாயம்" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மரணம் என்பவர்கள், அது யாருடைய கடைசி என்று கேம் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுதுகிறவன் ஆட்டோ. அது அவன் கதையாகவும் இருக்கலாம்.

என் யூகம் வேறு. முந்தைய கேமில் "முடிந்துவிட்டது" என்று நாம் ஒதுக்கியது எது? ஹாரியின் நோய். 2018ல் வந்த முதல் கேமிலிருந்தே நார்மன் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் அதுதான் இருக்கிறது. அம்மா எமிலியைக் கொன்ற அதே நோய் மகனுக்கும் வந்திருக்கிறது. அதைக் குணப்படுத்தும் தவிப்பில்தான் நகரத்தையே பாதித்த டெவில்ஸ் பிரெத் என்ற கொடிய தொற்றும் ஆஸ்பர்னின் ஆய்வகத்தில் பிறந்தது. இந்த நார்மனைச் செலுத்துவது அப்பன் என்ற தவிப்பு. பணமும் பதவியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அப்படிப்பட்டவனுக்குக் கதாசிரியர் கொடுக்கக்கூடிய பெரிய தண்டனை மரணமாக இருக்காது. மகன் கண் விழிக்கும்போது அப்பா என்னவாக மாறிவிட்டான் என்பதைப் பார்ப்பதுதான் தண்டனையாக இருக்கும். நார்மன் பிழைப்பான், ஹாரி எதிரே நிற்கும்போது சீரத்தின் பிடியில் மகனையே அடையாளம் தெரியாமல் போகும் கட்டத்துக்கு வருவான் என்று நினைக்கிறேன். நாயகன் கொல்ல வேண்டியதில்லை, வில்லனையும் இழக்க வேண்டியதில்லை, அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நின்று தடுக்கும் சண்டை ஆடுபவர் கைக்கும் வேலை கொடுக்கும்.

ஒரு யூகம் சொல்பவர் அது எப்போது பொய்யாகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் அதைச் சோதிக்க முடியும். என்னுடையது முழுக்க ஹாரி நினைவில்லாமல் கிடப்பதன் மேல் நிற்கிறது. அடுத்த பாகத்தின் முதல் டிரெய்லரில் ஹாரி எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால் இந்த யூகம் அங்கேயே விழுந்துவிடும்.